பெயரில்லாமை மரபன்று

தமிழகத்துச் சிற்பி தன் பெயரைச் சொல்லிக்கொள்ள மாட்டான் என்பது பரவலான நம்பிக்கை. கோயிலைக் கட்டியவனும் திருமேனியை வார்த்தவனும் தன்னை மறைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இறைவனுக்கே ஒப்படைத்தான். பெயர் பொறிப்பது மேல்நாட்டுக் கலைஞனின் பழக்கம். நம்முடையது அடக்கத்தின் மரபு. பட்டிமன்ற மேடையிலும் சுற்றுலாக் கையேட்டிலும் குடமுழுக்கு மலரிலும் இது சலிக்காமல் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையான கருத்துதான். ஆனால் கல்வெட்டுச் சான்றுகள் இதற்கு எதிராக இருக்கின்றன. அதைவிடக் கவலைக்குரியது, பழைய கட்டடங்களைக் காப்பவர்களுக்கும் ஊரின் தெருவையும் குளத்தையும் ஒழுங்காக வைத்திருப்பவர்களுக்கும் உரிய மதிப்பைத் தராமலிருக்க இந்த நம்பிக்கை இன்று ஒரு வசதியான சாக்காகிவிட்டது.

கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரிக் கரையில் இருக்கும் சுவாமிமலை இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த ஊர். முருகனின் அறுபடை வீடுகளில் நான்காவதாகச் சொல்லப்படும் தலம். திருவேரகம் என்பது இதன் பழம்பெயர். சுற்றிலும் நெல்வயல், குன்றோ பாறையோ கிடையாது. ஆகவே மலையையே கட்டினார்கள். தமிழ் ஆண்டுகள் 60 என்ற கணக்கில் 60 படிகள் ஏறிச் சுவாமிநாதனைத் தரிசிக்க வைக்கும் இந்தக் கட்டுமலை, தட்டையான வயல்வெளியில் ஊருக்கு ஓர் உயரத்தையும் மையத்தையும் உண்டாக்கிய வடிவமைப்புச் சாதனை. தலபுராணம் சொல்லி இதைப் போற்றுவோர் பலர். கட்டுமானம் என்ற கண்ணோடு இதைப் பார்த்து எழுதியோர் குறைவு.

இதே ஊரில்தான் பஞ்சலோகத் திருமேனிகளை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகள் இருக்கின்றன. வேலை ஓலையில் தொடங்குகிறது. செய்யவேண்டிய உருவத்தின் உயரத்துக்குத் தென்னங்கீற்றின் ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துத் தாள அளவுகளைக் குறித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிக்கப்படும். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாக முதலில் பூசி, உலரவிட்டு, அடுத்தடுத்துத் தடித்த மண்ணால் மூடிக் கம்பியால் கட்டுவார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகம் ஊற்றப்படும். ஆறியதும் மண் கூட்டை உடைத்தெடுத்து, உளியால் செதுக்கி மெருகேற்றினால் வேலை முடியும். கூடு உடைந்துவிடுவதால் ஒரு கருவில் ஒரே ஒரு திருமேனிதான். இந்த ஊரின் வார்ப்புக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் அந்த நயமான வண்டலுக்கும் பங்கு உண்டு. சுவாமிமலை வெண்கலத் திருமேனிகள் என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

2023 செப்டம்பரில் டெல்லியில் நடந்த ஜி-20 மாநாட்டுக்காகப் பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராசர் இங்கே வார்க்கப்பட்டவர். எட்டு உலோகக் கலவை. எடை சுமார் 18 டன். அந்தப் பணிக்குத் தலைமை வகித்த ஸ்தபதி சகோதரர்களில் ஒருவரான ராதாகிருஷ்ணன் தேவசேனாபதிக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பெயர் நாடெங்கும் சொல்லப்பட்டது. மரபு இடிந்து விழவில்லை. திருமேனியின் தெய்வத்தன்மையும் குறையவில்லை.

மரபு ஏன் இடிந்து விழவில்லை என்பதற்குப் பழைய கல்வெட்டுகளே பதில். தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராசராசன் 1010இல் நிறைவு செய்தபோது, கொடுத்தவர்களின் பெயரை மட்டும் வெட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. தலைமைச் சிற்பியான குஞ்சரமல்லன் என்னும் இராசராசப் பெருந்தச்சனின் பெயர் அங்கே இருக்கிறது. அரசனின் பெயரே பட்டமாகச் சிற்பிக்குத் தரப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். பெயரை மறைக்க விரும்பிய ஒரு சமூகம் இப்படிச் செய்யாது. அவனோடு துணைத் தச்சர்களும் குறிக்கப்படுகிறார்கள். தளிச்சேரிப் பெண்டுகள் என்ற ஆடல் மகளிர் 400 பேர் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பது வரை கல்லில் இருக்கிறது. நட்டுவர், பாடுவோர், கொட்டி மத்தளம் வாசிப்போர், தையற்காரர், கன்னார், தச்சர், நாவிதர் என்று கோயிலை நாள்தோறும் நடத்திய கைகளுக்கும் பங்கு ஒதுக்கி எழுதி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு நகரப் பகுதியின் கதவெண் பட்டியல் என்றே இதைக் கொள்ளலாம்.

இது இராசராசன் ஒருவனின் தாராளம் அன்று. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன: கேவாத பெருந்தச்சன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, கொல்லன் சேமகன். பல்லவர் காலச் சிற்பிகளுடையவை என்று இவற்றை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இராசேந்திரன் காலத்தில் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலின் விமானத்தைக் கல்லால் எடுப்பித்த ரவி என்னும் வீரசோழத் தச்சன் கல்வெட்டில் பெயர் பெற்றிருக்கிறான். சிதம்பரம் வடக்குக் கோபுரத்தில் சிற்பாசாரிகளின் உருவங்களே செதுக்கப்பட்டு, விருத்தகிரியைச் சேர்ந்த சேவகப்பெருமாள் உள்ளிட்டோரின் பெயர்கள் பக்கத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. கன்னட நாட்டிலும் இதுவே நிலை. பட்டடக்கல் விரூபாட்சர் கோயிலைக் கட்டிய குண்டனுக்குத் திரிபுவனாச்சாரி என்ற பட்டம் தரப்பட்டதைக் கல்வெட்டு பறைசாற்றுகிறது. ஹொய்சளச் சிற்பங்களின் அடியில் மல்லிதம்மா, தாசோஜா என்று சிற்பிகளே கையெழுத்திட்டிருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் பெயர் பொறிப்பதை இறக்குமதிச் சரக்கு என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

எதிர்த்தரப்பில் வலுவான சான்று ஒன்று உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் வார்த்தவரின் பெயர் இல்லை. உலகின் அருங்காட்சியகங்கள் போட்டியிட்டு வாங்கிய, சில வேளை திருட்டுச் சரக்கென்று தெரிந்தும் வாங்கிய, அந்த நடராசர்களையும் சோமாஸ்கந்தர்களையும் செய்தது யார் என்று சொல்ல முடியாது. ஆனால் அதிலிருந்து அடக்கம் என்ற முடிவுக்கு வருவது தாவல். தஞ்சைக் கல்வெட்டுகள் ஒவ்வொரு திருமேனியையும் முழமும் விரலுமாக அளந்து, கனமாக வார்த்ததா பொள்ளலாக வார்த்ததா என்றும் எழுதுகின்றன. கொடுத்தவரின் பெயரும் இருக்கிறது. வார்த்தவரின் பெயர் மட்டும் விடுபட்டுள்ளது. அது அவர் வேண்டிக்கொண்ட மறைவு என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

சமூகப் படிநிலைதான் காரணமாக இருக்கக்கூடும் என்பதற்கோ ஆதாரம் உண்டு. கருவூர் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்று, வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு அரசன் சில உரிமைகளை அளித்ததைச் சொல்கிறது. நல்லது கெட்டதுகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம்; வெளியே போகும்போது செருப்பு அணியலாம்; தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். அரசாணை இருந்தால்தான் சொந்த வீட்டுக்குச் சாந்து பூச முடியும் என்ற நிலையில் ஒரு கைவினைக் குடி வாழ்ந்திருக்கிறது. ஊரார் மாளிகைகளைக் கட்டக் கைகொடுத்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களின் பெயர் கல்லில் இல்லாததை அவர்களின் பணிவு என்று பாராட்டுவது பெருங்கேலி.

பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் புகழுரை? பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. இலங்கைத் தமிழரான முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1909இல் இந்தியக் கைவினைஞரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னாளில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு, மரபுக் கலைஞன் பெயரற்றவன், அதுவே அவன் உயர்வு என்ற கருத்தை விரிவாக வளர்த்தார். தன் பெயரையே பெரிதாக்கிக்கொண்ட அன்றைய மேலைக் கலை உலகத்தைக் கண்டிக்க அவருக்கு ஒரு மாற்று தேவைப்பட்டது. அந்த விவாதத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. இந்தியக் கலையை உலகம் மதிக்கச் செய்ததில் அவருக்கு இணை குறைவு. ஐரோப்பாவை நோக்கி எய்த அந்த அம்பை நாம் பிடித்து வைத்துக்கொண்டு, சுவாமிமலைப் பட்டறைக்காரரையும் கும்பகோணத்துக் கொத்தனாரையும் வாய் திறக்காமல் இருக்கச் சொல்லப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் குறை.

தொழிலுக்குள் இருந்தவர்கள் ஒருவரையொருவர் எப்படி மதித்தார்கள் என்பது தனிச் சுவை. சுவாமிமலைக்குப் பக்கத்து ஊரான திருவலஞ்சுழிக் கோயிலில் ஒரு கற்பலகணி இருக்கிறது. கல்லைச் சாளரமாகக் குடைந்த அந்த வேலைப்பாடு ஸ்தபதிகளிடையே பேர் போனது. பழைய நாளில் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ஒரு விலக்கு சேர்ப்பார்களாம்: ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி போன்ற சில நீங்கலாக எதையும் செய்து தருகிறோம். அந்தப் பட்டியல் ஊருக்கு ஊர் சற்று மாறும். இந்த இரண்டும் பெரும்பாலும் இருக்கும். ஒரு தலைமுறையின் உச்ச வேலையை அடுத்த தலைமுறை இப்படித் தன் தொழில் ஒப்பந்தத்திலேயே வணங்கியிருக்கிறது. இதைவிடக் கறாரான தேர்வுக் குழுவை எந்த அகாதெமியும் அமைத்ததில்லை. வேலை தெரிந்தவன் கொடுத்த விருது அது.

இன்றைய நிலைக்கு வருவோம். கைவினைக்கு விருதுகளே இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய விருது இருக்கிறது; ஷில்ப் குரு இருக்கிறது; தமிழக அரசின் வாழும் கைவினைப் பொக்கிஷம் விருது இருக்கிறது. பூம்புகார் நிறுவனம் சுவாமிமலையில் ஓர் உற்பத்தி நிலையத்தையே நடத்துகிறது. ஆனால் கைவினை விருதின் வழக்கமான இலக்கணம் புதிதாகச் செய்த பொருள். ஒன்றைச் செய்து காட்டினால் பரிசு. சிதைந்ததைச் சீர்செய்தவர் எதைக் காட்டுவார்? விரிசல் விட்ட விமானத்தையா, கை ஒடிந்து சேர்க்கப்பட்ட உற்சவரையா? சீர்செய்த வேலையின் சிறப்பே, செய்தது தெரியாமலிருப்பது. கண்ணில் படாததைப் பாராட்டும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

இங்கேயும் மரபின் பெயரால் ஒரு பொய் உலவுகிறது. திருப்பணி என்றால் புதுப்பித்தல், புதுப்பித்தல் என்றால் புதிதாக்குதல் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். நம் சிற்ப நூல்களோ பழுது பார்ப்பதைத் தனி இலக்கணமாகவே வகுத்தன. மயமதத்தில் சீர்ணோத்தாரணத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அடையாளம் அழியாத கட்டடத்தை அதன் சொந்தப் பொருளாலேயே, அதன் அளவு மாறாமல் செப்பனிட வேண்டும் என்பது அதன் போக்கு. கிரானைட் பலகை பதித்த தரையும், சுண்ணாம்புச் சாந்தின்மேல் அப்பிய சிமெண்டும், கல்தூணில் ஏற்றிய எனாமல் வண்ணமும், மணல் பீய்ச்சிக் கல்வெட்டின் முகத்தையே தேய்த்த சுத்தமும் அந்த இலக்கணத்தில் எங்கும் கிடையாது. மணல் வீச்சை அரசு தடை செய்ய நேர்ந்தது. தடைக்கு முன் தேய்ந்துபோன எழுத்துகளை எந்த ஆணையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இந்தத் திருப்பணிகளைச் செய்தவர் யார்? தெரியாது. பெரும்பாலான குடமுழுக்குக் கல்வெட்டுகளில் ஆட்சியில் இருந்தவர் பெயர் இருக்கும், அதிகாரியின் பெயர் இருக்கும், அறங்காவலர் பெயர்கள் இருக்கும், இவ்வளவு ரூபாய் கொடுத்த உபயதாரர் பெயர் ஊரோடு இருக்கும். குழல்விளக்கின் கண்ணாடியிலேயே பெயர் எழுதி வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கும் உபயங்களும் உண்டு. பெயரில்லாமை நம் மரபு என்று சொல்லும் அதே கோயிலில் பெயர் இல்லாத சுவர் கிடையாது. வேலை செய்தவனின் பெயர் மட்டும்தான் இல்லை. இந்த விடுபடலில் இரண்டு தீமைகள் ஒருசேர நடக்கின்றன. நல்ல வேலை செய்தவருக்கு அடுத்த வேலை தேடி வருவதில்லை. கெட்ட வேலை செய்தவர் தடயமில்லாமல் அடுத்த கோயிலுக்குப் போய்விடுகிறார். பெயர் பொறிப்பது புகழ்ச்சிக்காக என்று நினைப்பவர்கள், அது பொறுப்பேற்பும் கூட என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நல்ல வேலை நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கும்பகோணத்துக்கு அருகே துக்காச்சியில் உள்ள ஆபத்சகாயேசுவரர் கோயில் விக்கிரம சோழனோடு தொடர்புபடுத்தப்படும் பழைய சிவாலயம். நெடுங்காலம் சிதைந்து கிடந்தது. இந்து சமய அறநிலையத் துறை எடுத்து நடத்திய சீரமைப்புக்குப் பிறகு, 2024ஆம் ஆண்டுக்கான யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இரண்டாம் நிலையான தனிச்சிறப்பு விருதைப் பெற்றது. 2017இல் திருவரங்கம் அரங்கநாதர் கோயில் இதே அமைப்பின் தகுதி விருதைப் பெற்றிருந்தது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய இந்த விருது, கட்டடத்தின் வயதையோ பிரம்மாண்டத்தையோ பார்த்துத் தரப்படுவதில்லை. பழுது பார்த்த முறையைப் பார்த்துத் தரப்படுவது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004இல் உலக மரபுச் சின்னங்களாகச் சேர்க்கப்பட்டபோது கிடைத்த பெருமை சோழர்களுக்குரியது. துக்காச்சிக்குக் கிடைத்த பெருமை உயிரோடு இருப்பவர்களுக்குரியது. இந்த வேறுபாடு ஊராருக்கே விளங்கவில்லை. சோழர் பெருமையின் கணக்கிலேயே அதையும் வரவு வைத்துக்கொண்டோம். அந்தப் பணியில் கல் ஏற்றிய ஸ்தபதியையும் சுண்ணாம்பு அரைத்தவரையும் அழைத்து அந்த வட்டாரத்தின் எத்தனை பள்ளிகள் பேச வைத்திருக்கும்?

நகர அமைப்பில் இந்தப் பிழை இன்னும் ஆழமானது. கோயிலில் சிற்பியின் பெயர் மட்டுமே விடுபட்டது. ஊர் அமைப்பில் அப்படி ஒரு தொழில் இருந்ததையே நாம் ஒப்புக்கொள்வதில்லை. ஊர் தானாக வளர்ந்தது என்கிறோம். தேர் திரும்பும் அகலத்துக்குத் தெருமுனை விடப்பட்டது தானாக நடக்குமா? வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்கத் திண்ணையும் தாழ்வாரமும் வரிசை மாறாமல் அமைந்தது தானாகவா? ஆற்று நீர் வாய்க்கால் வழியே குளத்துக்கு வந்து, நிரம்பி, வடிகாலில் இறங்கி வயலுக்குப் போகும் வாட்டம் தானாக அமையுமா? பழைய தார் மேலேயே புதுத் தார் கொட்டிக் கொட்டி, இன்று டெல்டா ஊர்களில் சாலை உயர்ந்து திண்ணை தாழ்ந்து, ஐப்பசி மழை நேரே நடைக்குள் வருகிறது. பழையவர்கள் வாட்டம் பார்த்துத்தான் கட்டினார்கள் என்பதற்கு இந்த ஒரு துன்பமே போதுமான சான்று.

கும்பகோணத்து மகாமகக் குளத்தை எடுத்துக்கொள்ளலாம். கரையில் 16 மண்டபங்களைக் கட்டுவித்த நாயக்கர் கால அமைச்சர் கோவிந்த தீட்சிதரை எல்லோருக்கும் தெரியும், தெரிய வேண்டியதுதான். 1992 பிப்ரவரி 18ஆம் நாள் மகாமகத்தில் நெரிசலில் சுமார் 50 பேர் உயிரிழந்தனர். 2016இல் மீண்டும் பல லட்சம் பேர் கூடினர். அப்படி எதுவும் நேரவில்லை. தடுப்புகளை எங்கே வைப்பது, எந்தத் தெரு வழியே வரவிட்டு எந்தத் தெரு வழியே வெளியேற்றுவது, குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிறுத்துவது என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். விபத்து நேராமல் போவது செய்தியாவதில்லை. ஆகவே அந்தக் கணக்குக்குக் கல்லும் இல்லை, பொன்னாடையும் இல்லை. அடுத்த மகாமகம் 2028இல். அப்போது பொறுப்பேற்பவர்கள் 2016இன் அனுபவத்தை யாரிடம் கேட்பார்கள் என்பது வெறும் மரியாதைப் பிரச்சினை அன்று.

ஊர்த்தெரு ஒன்றும் விருது பெறலாம் என்பதற்குப் புதுச்சேரி சான்று. தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில், திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீடுகளின் முகப்புகளை வரிசையாகச் சீரமைத்த பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதுகளில் ஒன்றைப் பெற்றது. அரண்மனையும் இல்லை, கோபுரமும் இல்லை. குடியிருப்போர் வாழ்ந்துகொண்டிருந்த தெரு. சுவாமிமலையின் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டுத் தங்கும் விடுதிகளாகும்போது, மிஞ்சிய ஒன்றிரண்டை ஓடு மாற்றி, மரத்தூணுக்கு எண்ணெய் பூசி வைத்திருப்பவரை ஊர் பிழைக்கத் தெரியாதவர் என்று பேசுகிறது. அவரைப் பாராட்டிப் பேரூராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டால் செலவு ஒரு தாள்.

தனி மனிதரைக் கொண்டாடுவது நம் இயல்பே அல்ல என்பாரும் உண்டு. அவர்கள் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய்ப் பார்க்கலாம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்ப்பில் அரசு மணிமண்டபமும் திறந்தது. ஒரு பொறியாளரை இவ்வளவு அன்போடு நினைக்கும் மக்களை உலகில் தேடித்தான் காண வேண்டும். வெள்ளைக்காரப் பொறியாளரின் பெயர் நினைவில் நிற்கிறது. அதே அணையில் கல் சுமந்து காய்ச்சலில் மாண்ட தொழிலாளர்களின் பெயர் நிற்கவில்லை. ஆக, குறை இயல்பில் இல்லை. யாருடைய பெயரை எழுதி வைத்தோம் என்பதில் இருக்கிறது.

விருது கொடுத்தால் அரசியல் வரும், சிபாரிசு வரும் என்ற மறுப்பு மட்டும் நியாயமானது. வரும். நம் ஊரில் கேடயமும் பொன்னாடையும் எவ்வளவு மலிவென்று எல்லோரும் அறிவார்கள். அதனால்தான் முதல் தேவை விருது அன்று, பதிவு. ஜப்பானில் பழைய மரக் கட்டடங்களின் கூரையில், முகட்டுக்கு அருகே ஒரு பலகை பொருத்தும் வழக்கம் உண்டு. எந்த ஆண்டில் எழுப்பியது அல்லது பழுது பார்த்தது, தலைமைத் தச்சர் யார் என்பதை அதில் எழுதி வைப்பார்கள். நூறாண்டு கழித்துக் கூரையைப் பிரிப்பவருக்கு முன்னவரின் பெயர் கிடைக்கும். பழுது பார்க்கும் தொழில்நுட்பங்களையே பாதுகாக்கத்தக்கவையாக அறிவித்து, அவற்றை அறிந்தவர்களை அரசு ஆதரிக்கும் ஏற்பாடும் அங்கே 1975 முதல் இருக்கிறது. 1977இல் நிறுவப்பட்ட ஆகா கான் கட்டடக்கலை விருது, பரிசுத் தொகையை வடிவமைத்தவரோடு நிறுத்தாமல் கைவினைஞருக்கும் கட்டுநருக்கும் கட்டச் சொன்னவருக்கும் பகிர்கிறது. பெயர்ப்பட்டியல் நீண்டுபோகுமே என்று தயங்குவோர், 400 பெண்களின் வீட்டு எண்ணைக் கல்லில் வெட்டியவர்களின் வாரிசுகள் தாம் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

சுவாமிமலையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் செய்யவேண்டியது பெரிய காரியம் இல்லை. குடமுழுக்குக் கல்வெட்டில் ஸ்தபதி, கொத்தனார், தச்சர், சுதை வேலைக்காரர் பெயர்கள் உபயதாரர் பெயருக்கு மேலே வர வேண்டும். எந்தக் கல் மாற்றப்பட்டது, சாந்தில் என்ன சேர்க்கப்பட்டது, எந்தத் திருமேனி எப்போது ஒட்டவைக்கப்பட்டது என்ற விவரம் கோயில் அலுவலகப் பதிவேட்டில் ஏற வேண்டும். கேட்பவர் பார்க்கும்படி இருக்க வேண்டும். கைவினை விருதுகளில் பழுது பார்த்தலுக்கு ஒரு பிரிவு திறக்கப்பட வேண்டும். தேர்வுக் குழுவில் தொழில் செய்பவர்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும். பேரூராட்சியும் மாநகராட்சியும் ஆண்டுக்கு ஒரு முறை, இடிக்காமல் காத்த ஒரு வீட்டையும், அடைபடாமல் காத்த ஒரு வாய்க்காலையும், அவற்றைக் காத்தவர்களையும் பெயரிட்டு அறிவிக்கலாம். இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டியதில்லை, மானியத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அறங்காவலர்களும் அலுவலர்களும் அடுத்த கல்வெட்டுக்கு வாசகம் எழுதிக் கொடுக்கும்போது, சாரத்தில் நின்றவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக் கொடுத்தால் போதும்.